யுத்தமும் தலையெழுத்தும்

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் ரோட்டில், நந்தம்பாக்கத்தில், ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் பலர் அதை யாரோ பெரிய மனிதர் வீட்டுப் பூந்தோட்டம் என்று நினைத்துக் கொண்டு போவார்கள். 1952இல் ஏற்படுத்தப்பட்ட அவ்விடத்தில் இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட 850க்கு மேற்பட்டவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு கல். கல்லின் மேல் பேர், பட்டாளம், செத்த தேதி. முதல் யுத்தத்தில் மாண்டு, இந்தியாவின் பல ஊர்களில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பேர்களும் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புல் வெட்டி, செடி வைத்து, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. உயிர்தான் போயிற்று, பேராவது மிஞ்சட்டும்.

அதே ரோட்டில் பூவிருந்தவல்லி வரை போய் வடக்கே திரும்பினால் ஆவடி வருகிறது. ஆவடி என்றால் இன்று டாங்கித் தொழிற்சாலையும், பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையுமே எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவை 1961 முதல் வந்தவை. அதற்கு வெகு காலம் முன்பே ஆவடியில் வேறொரு ஸ்தாபனம் இருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன் கொண்டு வந்து வைக்கும் டிப்போதான் அது. நாகப்பட்டினத்தில் ஒன்று, ஆவடியில் ஒன்று. கங்காணி ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்துக் கொண்டு வருவான். அங்கே தங்க வைத்துப் பிறகு கப்பலேற்றுவார்கள். இப்படிக் கப்பலேறியவர்களிலும் அவர்கள் பெற்ற பிள்ளைகளிலும் எத்தனையோ ஆயிரம் பேர் 1942, 1943ஆம் வருஷங்களில் சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதையில் செத்தார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. கல்லே இல்லாதபோது பேர் எங்கே? இன்ன தேதியில் செத்தான் என்று வீட்டாருக்குக் கடுதாசி எழுதியவர்கூடக் கிடையாது.

ஏன் இப்படி என்று அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அவன் தலையெழுத்து."

இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நாம் இன்று எழுத வந்தது. யுத்தத்தின் வீரதீரப் பிரதாபங்களை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு உலக யுத்தங்களிலும் போர்முனைக்குப் போன நம் ஜனங்களும், ஊரில் இருந்து வயிறு காய்ந்த நம் ஜனங்களும், தங்களுக்கு நேர்ந்ததையெல்லாம் தலையில் எழுதினவன் பேரில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். எழுதினவன் யார் என்று கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் கையும் பேனாவும் ஆபீசும் தேதியும் இருந்தது தெரிய வரும்.

முதலில், சண்டைக்குப் போனவன் ஏன் போனான்? இரண்டாம் யுத்தத்தில் இந்தியாவிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்றும், ஒருவரையும் கட்டாயமாகப் பிடிக்கவில்லை, அத்தனை பேரும் தாங்களாகவே வந்தார்கள் என்றும், உலகத்திலேயே இவ்வளவு பெரிய தொண்டர் சேனை இருந்ததில்லை என்றும் சரித்திரக்காரர்கள் மெச்சி எழுதுகிறார்கள். தாங்களாகவே வந்தார்களாம்! முதல் யுத்தத்தில் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். பதினோரு ரூபாய்க்காகப் பிரான்சு தேசத்துச் சேற்றிலும் மெசபொடேமியா மணலிலும் சாகப் போனவனை ராஜபக்தன் என்பதா? உழுதவன் பண்ணையாளாகவும், நெய்தவன் கடனாளியாகவும் இருக்கிற ஊரில் பசி என்கிற சேவகன் வந்து வாசலில் நின்றால், வேறு சேவகன் வந்து பிடிக்க வேண்டிய அவசியமென்ன?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜாதி பார்ப்பதில் நம் வைதிகர்களுக்கு வெள்ளைக்காரன் இளைத்தவனல்ல என்பதை அவனுடைய பட்டாளமே காட்டிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்குத் தலைவராயிருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ் என்பவர், மனிதரில் சிலர் பிறவியிலேயே வீர ஜாதியென்றும், சிலர் பிறவியிலேயே சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்றும் சாதித்தார். தென்னாட்டான் இரண்டாவது வகையில் தள்ளப்பட்டான். பழைய சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, 1920களின் முடிவுக்குள் ஒன்றுமில்லாமற் கலைக்கப்பட்டன. மண் வெட்டவும் பாலம் கட்டவும் வேண்டியிருந்ததால் 'சாப்பர்ஸ்' என்னும் சென்னைப் பொறியாளர் படை மாத்திரம் தப்பிப் பிழைத்தது. அதில் ஆதிதிராவிடத் தோழர்களும் மற்றவர்களும் ஒன்றாகவே வேலை செய்தார்கள், ஒன்றாகவே உண்டார்கள். அதனால் எந்தப் பாலமும் இடிந்து விழுந்ததாகக் கேள்வியில்லை.

அப்புறம் ஹிட்லர் வந்தான், ஜப்பான்காரன் வந்தான். ஆள் போதவில்லை. சென்னை ரெஜிமெண்டு 1941, 1942இல் மறுபடியும் உண்டாக்கப்பட்டது. அந்த யுத்தத்தில் பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் ஆட்களைக் கொடுத்தது சென்னை மாகாணந்தான். 1928இல் கோழையாயிருந்த ஜாதி 1942இல் வீர ஜாதியானது எந்தக் கிரகத்தின் பலன்? சனி பெயர்ந்ததா, குரு பெயர்ந்ததா? தேவை வந்தது, பிறவிக் குணம் பறந்தது, அவ்வளவுதான். 1944 பிப்ரவரி 24ந் தேதி இத்தாலியில் கண்ணிவெடி தேடும் கூட்டத்துக்குத் தலைமை வகித்துப் போன சுபேதார் சுப்ரமணியன், வெடிக்கப் போகிற வெடியின் மேல் விழுந்து தம் உடம்பால் மூடிக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு மாண்டார். அவர் செத்தபின் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அவர் யார்? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தார். பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் எந்தச் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தனவோ அதே ஜில்லாக்காரர். பிறவியிலேயே சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட ஜனங்களில் ஒருவர்!

நிற்க, சாஸ்திரத்தின் யோக்கியதை போர்முனையில் எப்படியிருந்தது என்று பார்ப்போம். கடல் தாண்டினவனைச் சிரார்த்தத்தில் சேர்க்கக் கூடாதவர்களின் ஜாபிதாவில் வைக்கிறது மனுதர்மம். ஆனால் 1914இல் பம்பாயிலும் கராச்சியிலும் சிப்பாய்களைக் கப்பல் கப்பலாக ஏற்றியபோது அந்தச் சுலோகம் எங்கே ஒளிந்து கொண்டிருந்தது? துறைமுகத்தில் போய் நின்று, 'அய்யோ, தர்மம் கெடுகிறதே' என்று கப்பலை மறித்தவர் யார்? திரும்பி வரும்போது மாத்திரம் ஞாபகம் வந்துவிட்டது. நேபாளத்துக் கூர்க்கா சிப்பாய்கள் கடல் கடந்து சண்டை போட்டுத் திரும்பியதும், 'பானி பட்டியா' என்ற சடங்கைச் செய்து சுத்தியான பிறகே ஜாதிக்குள் சேர்க்கப்பட்டார்கள். உயிரைக் கொடுக்கப் போகும்போது தீட்டில்லை. உயிரோடு திரும்பினால் தீட்டு! இதைவிடப் புரோகிதப் பிழைப்பை வெளிச்சம் போட்டுக் காட்ட நம்மால் ஆகாது.

இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரில் ராஜா கட்டிய அரண்மனையொன்றை 1914 டிசம்பரில் இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக ஆக்கினார்கள். கையும் காலும் போய்க் கிடக்கிறவர்களுக்கு அங்கே எத்தனை சமையற்கட்டு வைத்தார்கள் தெரியுமா? ஒன்பது. மதத்துக்கொன்று, ஜாதிக்கொன்று. குடிதண்ணீர்க் குழாயும் இந்துவுக்கு வேறு, முஸ்லிமுக்கு வேறு. ஜெர்மன் குண்டு ஜாதி பார்க்கவில்லை. ஒரே குண்டு இருவரையும் சேர்த்துக் கொன்றது. ஆனால் பிழைத்தவர்கள் குடிக்கத் தண்ணீர் மாத்திரம் பேதப்பட்டது.

இது சிரிக்கத்தக்க சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி ஒன்று மெசபொடேமியாவில் நடந்தது. கூட் என்ற ஊரில் ஆங்கிலேயத் தளபதி டவுன்செண்டின் படையைத் துருக்கியர் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையிட்டார்கள். தானியம் தீர்ந்தது. குதிரைகளைக் கொன்று தின்னத் தொடங்கினார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் தின்றார்கள். இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் மதத்துக்கு விரோதம் என்று மாதக்கணக்கில் மறுத்தார்கள். தின்றால் தோஷமில்லை என்று இந்தியாவிலிருந்த மதத் தலைவர்களிடம் உத்தரவு வாங்கிக் கம்பியில்லாத் தந்தியில் வரவழைத்தும், ஊருக்குத் திரும்பினால் ஜாதியை விட்டுத் தள்ளிவிடுவார்களே, பெண் கொடுக்க மாட்டார்களே என்று பயந்தார்கள். பல் ஈறு அழுகும் நோய் அவர்களையே அதிகம் பிடித்தது. கடைசியில் பசி பொறுக்காமல் பெரும்பாலோர் தின்றார்கள். அதற்குள் அநேகருக்குக் காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 29ந் தேதி பட்டாளம் சரணடைந்தது. துப்பாக்கியால் செத்தவர் கணக்கு எழுதப்படுகிறது. ஊராரின் நாக்குக்குப் பயந்து பட்டினியால் செத்தவர் கணக்கை யார் எழுதினார்கள்?

கடவுளும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் சிப்பாயின் இடுப்புக் கச்சைப் பித்தளையில் 'கடவுள் எங்களோடு' என்று வெட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தில், 1940 மே 26ந் தேதி நாடு முழுதும் மாதா கோயில்களில் ஜெபம் செய்யும்படி இங்கிலாந்து ராஜா கேட்டுக் கொண்டார். இருவருக்கும் கடவுள் ஒருவரே. அவர் எந்தத் தரப்பு மனுவைத் தள்ளினார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அவர்களைப் பார்த்து நாம் ரொம்பவும் சிரித்துவிட வேண்டாம். 2019 அக்டோபரில் பிரான்சு தேசத்துக்குப் போய் ரபேல் விமானத்தைப் பெற்றுக் கொண்ட நமது ராணுவ மந்திரி, அதற்குப் பொட்டு வைத்துத் தேங்காய் வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

இனி ஊரில் இருந்தவர்கள் பாடு.

முதல் யுத்தத்தில் நம் பக்கத்து ஜனங்கள் யுத்தத்தைக் கண்ணால் கண்டது ஒரே ஒரு ராத்திரிதான். 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அந்தக் கப்பல் நவம்பரிலேயே கோகோஸ் தீவுப் பக்கம் தொலைந்தது. தமிழில் மாத்திரம் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. கெட்டிக்காரனைக் கண்டால் 'சரியான எம்டன்' என்கிறோமல்லவா?

இரண்டாவது யுத்தம் அவ்வளவு சுளுவாகப் போகவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சில நாட்களுக்கெல்லாம், ஜப்பான் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவலை நம்பிச் சர்க்கார் பட்டணத்தைக் காலி செய்யச் சொல்லிற்று. தகவல் பொய். ஆனால் சர்க்கார் ஆபீசுகள் ஊட்டிக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் போய்விட்டன. ஹைகோர்ட்டு கோயமுத்தூருக்குப் போய்விட்டது. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகள் அவிழ்த்துக் கொண்டு ஊருக்குள் வந்துவிடுமே என்று சுட்டுக் கொல்லப்பட்டன. வராத ஜப்பான்காரனுக்காக உண்மையில் செத்தது அந்த வாயில்லாப் பிராணிகளே.

பட்டணத்தை விட்டு மேற்கே ஓட வழி இரண்டுதான்: அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகப் போகும் ரயில், பூவிருந்தவல்லி டிரங்கு ரோட்டு. உத்தியோகஸ்தனுக்குச் சர்க்கார் செலவில் இடமாற்றம். பணக்காரனுக்கு மோட்டார். மில் தொழிலாளியும் கூலிக்காரனும் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தார்கள். நடந்து போய்ச் சேர்ந்த ஊரிலும் வேலை கிடையாது. போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடத் துணைக்கு ஆளில்லாதவர்கள் பட்டணத்திலேயே கிடந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் இத்தனை லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடுவார்கள் என்றும், ஓடிய பிறகு கப்பல் வராது என்றும் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் எதிலாவது போட்டிருந்ததா? போட்டிருந்தால் அந்தச் சிங்கங்களையாவது காப்பாற்றியிருக்கலாம். ஒன்றரை வருஷம் கழித்து, 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிற்று.

இதற்குள் இந்தப் பக்கமெல்லாம் பட்டாள மயமாகிவிட்டது. ஆவடியில் பெரிய ராணுவக் கிடங்குகள் எழுந்தன. அம்பத்தூருக்கு வடக்கே, பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் புழல் ஏரியில் கடல் விமானங்கள் வந்து இறங்கின. வங்காளக் குடாவில் நீர்மூழ்கி தேடப் போவதும் ஏரியில் வந்து மிதப்பதுமாக அவை இருந்தன. மறு யுத்தத்துக்குப் புழல் ஏரியைக் குறி வைக்க எதிரிக்கு வழிகாட்டி வைத்தோமே என்று அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

வீட்டிலிருந்த பெண்பிள்ளைகளின் நிலை தனி. புருஷன் எங்கேயோ பாலைவனத்தில் இருக்கிறான். மாதம் ஒரு மணியார்டர் வரும். பெருவிரல் வைத்து வாங்க வேண்டும். கடுதாசி வரும், அவனுக்கு எழுதத் தெரியாது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே ஒருவன் எழுதுகிறான், நடுவில் தணிக்கைக்காரன் படிக்கிறான், இங்கே தபால்காரனோ வாத்தியாரோ படித்துச் சொல்கிறார். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் மூன்று அந்நியர்! தணிக்கைக்காரனை ஏய்க்க, முதல் யுத்தத்தில் பிரான்சிலிருந்த வடநாட்டுச் சிப்பாய்கள் கறுப்புச் சிப்பாயைக் கறுப்பு மிளகென்றும், வெள்ளைச் சிப்பாயைச் சிவப்பு மிளகாயென்றும் பேர் வைத்து எழுதினார்கள். சமையல் சாமானைப் பற்றி எழுதுகிறான் என்று நினைக்கும்படி, எங்கள் ஆட்களைத் தீர்த்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னார்கள். புத்தி எங்கே இல்லை? எழுத்து மாத்திரம் இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். கடுதாசி நின்று போனால் அவள் போக வேண்டிய இடம் பட்டாள ஆபீசு. ஆனால் ஆபீசுக்கு மனு எழுதத் தெரியாது. ஜோசியன் வீடோ அடுத்த தெருவில் இருக்கிறது, மனு வேண்டியதில்லை, ஜாதகக்கட்டும் நாலணாவும் போதும். 'கண்டம் இருக்கிறது, தாண்டிவிடுவான்' என்பான். தாண்டினால் ஜோசியனுக்குப் பெருமை. தாண்டாவிட்டால் அவளுடைய மாங்கல்ய தோஷம். எப்படியும் நஷ்டமில்லாத வியாபாரம்!

சாப்பாட்டுக்கு வருவோம். பர்மா அரிசி 1942இல் நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்று. கூப்பன் கடை வந்தது, கியூ வந்தது. அதுவரை அரிசியைத் தவிர வேறு அறியாத வீடுகளில் கோதுமையும் சோளமும் வந்தன. சீமையெண்ணெய் கிடைக்கவில்லை. செம்பு மிச்சம் பிடிக்கக் காலணா நாணயத்தின் நடுவிலேயே ஓட்டை போட்டுவிட்டார்கள். ஓட்டைக் காலணா என்று அதைக் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கியூவில் ஒன்று நடந்தது. அக்கிரகாரத்து அய்யரும் சேரிக்காரரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நாலடி தள்ளி நில் என்று சொன்னால் நடுவில் வேறொருவன் நுழைந்துவிடுவான். ஆயிரம் வருஷத்துத் தூரத்தை அரைப்படி அரிசி அழித்துவிட்டது. அரிசி வந்தபின் தூரமும் வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் கியூவோடு தப்பித்தோம். வங்காளத்தில் 1943ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் செத்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள்; சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனே 1945இல் பதினைந்து லட்சம் என்று ஒப்புக் கொண்டது. வருண பகவான் கோபமா? 2019இல் காந்திநகர் அய்.அய்.டி. ஆராய்ச்சிக்காரர்கள் பழைய மழைக் கணக்குகளை வைத்து மண்ணின் ஈரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இந்தியாவின் மற்றப் பெரிய பஞ்சங்கள் பலவற்றிலும் மண் வறண்டிருந்தது. 1943இல் அப்படி வறளவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் கொன்றது எது? ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று கரையோர ஜனங்களின் படகுகளைச் சர்க்கார் பறித்தது, நெல்லை வாங்கி அகற்றியது, யுத்தச் செலவுக்கு நோட்டு அடித்து விலையை ஏற்றியது, வியாபாரி பதுக்கினான், மாகாணத்துக்கு மாகாணம் தானியம் போகாமல் கதவடைத்தார்கள், கப்பல் கேட்டால் லண்டன் மந்திரிசபை கையை விரித்தது. இவற்றில் எது பிரம்மா எழுதியது? ஒவ்வொன்றும் மனிதன் எழுதியது. கையெழுத்தோடு பைலில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஜோசிய நம்பிக்கையுள்ள தோழர்களை ஒன்று கேட்கிறோம். முப்பது லட்சம் ஜாதகம். அதில் மேஷமும் உண்டு, மீனமும் உண்டு. அறுபதாண்டு ஆயுள் சொல்லப்பட்டவனும் எண்பது சொல்லப்பட்டவனும் உண்டு. தாயும் மடிக் குழந்தையும் உண்டு. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில், அதுவும் வங்காள எல்லைக்குள் கண்டம் வந்தது எப்படி? எல்லைக்கு இப்பால் இருந்த அதே ராசிக்காரனுக்கு ஏன் வரவில்லை? சனிக்குச் சர்க்கார் போட்ட மாகாண எல்லை தெரியுமா?

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் கதையும் அப்படியே. ஜப்பான்காரன் வந்ததும் சுமார் அய்ந்து லட்சம் இந்தியர் ஓடி வந்தார்கள். அவர்களில் நம் தமிழர் அநேகம். கப்பலில் இடம் கிடைத்தவன் பிழைத்தான். மற்றவர் அரக்கான் மலையையும் மணிப்பூர்க் காட்டையும் கால்நடையாகக் கடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியெல்லாம் செத்தார்கள். அந்த ஓட்டத்திலும் வெள்ளைக்காரனுக்குச் சவுகரியமான பாதையும் முகாமும், கறுப்பு ஆளுக்குக் கஷ்டமான பாதையும் ஒதுக்கப்பட்டதாக அன்றே புகார் எழுந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கீழ்ப்பர்மா நெல் நிலத்தில் சுமார் கால் பங்கை வட்டிக்கு வந்த சொத்தாக வைத்திருந்து விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நஷ்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, வழியில் விழுந்து போனவன் விட்டு வந்தது ஒரு பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளுமானால் அதற்குப் புத்தகம் கிடையாது.

இனி ஆவடி டிப்போ வழியாகப் போனவர்கள் சங்கதி. உதவிச் சீட்டில் மலேயாவுக்குக் கூலி அனுப்புவதை இந்தியச் சர்க்கார் 1938இல் நிறுத்திவிட்டது. அதற்குமுன் போனவர்கள் அங்கேயே ரப்பர்ப்பால் வெட்டிக் கொண்டிருந்தார்கள். 1941 டிசம்பர் 8ந் தேதி ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கினான். துரைமார்கள் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். தோட்டக்காரனை அழைத்துப் போகவில்லை. பால் வாங்க ஆளில்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. பிறகு சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று வந்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப் போனார்கள். நம்பாதவர்களைத் தோட்டத்திலும் தெருவிலும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வெள்ளைக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அதில் சுமார் 12,000 பேர் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் ஆகிய ஆசியக் கூலிகள் 1,80,000க்கு மேல். அதில் செத்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

வெள்ளைக் கைதிகளுக்கு நடுவில் டாக்டர் இருந்தார், ஆபீசர் இருந்தார், நோட்டுப் புத்தகம் இருந்தது. யார் எங்கே செத்தான் என்று ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். காலரா வந்தபோது தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல ஆள் இருந்தது. நம் கூலிக்கு டாக்டர் இல்லை. காலராவை மாரியாத்தாள் என்று கும்பிட்டுப் பச்சைத் தண்ணீரைக் குடித்தான். கிருமி என்ற ஒன்று உண்டு என்று அவனுக்குச் சொல்லித் தந்தவர் யார்? தோட்டத்தில் கோயில் கட்டிக் கொடுக்கத் துரை உதவி செய்தான். கோயில் இருந்தால் கூலி ஓடமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கல்லும் பேரும் உள்ள தோட்டம் இருக்கிறது. நம்மவர்கள் காட்டில் குழிகுழியாகக் கிடக்கிறார்கள்.

பேர் எழுதாமல் விட்டது மறதியால் நடந்ததா? கல்லறைகளைப் பராமரிக்கும் அந்தக் கமிஷனே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் யுத்தத்தில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவு செய்யப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேர் குறிக்கப்படாமலோ, அடியோடு நினைவு செய்யப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் அது ஒப்புக் கொண்டு மன்னிப்பும் கேட்டது. சாவிலும் ஜாதி பார்த்தோம் என்பதை நூறு வருஷம் கழித்தாவது ஒப்புக் கொண்டார்கள். இது சிப்பாய், சுமைகூலி என்று பட்டாளக் கணக்கில் வந்தவர்களைப் பற்றிய சங்கதி. மலேயாக் கூலி எந்தக் கணக்கிலும் வராதவன். அவனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பட்டியலில் தோட்டக் கம்பெனி, ஜப்பான் சர்க்கார், கப்பலேற்றிவிட்டுக் கைகழுவிய இந்தியச் சர்க்கார் எல்லாரும் உண்டு. 'தலையெழுத்து' என்று நாம் சொல்லிக் கொண்டிருக்கும் வரையில் இவர்களில் ஒருவரும் வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து வாசகர்களைக் கேட்டுக் கொள்வது இது. அக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயசுக்கு மேலாகிறது. இன்னும் பத்து வருஷத்தில் கேட்க ஆள் இருக்காது. திதி கொடுக்கும் அமாவாசைக்கு வீடு முழுதும் கூடுகிறீர்களே, அன்றைக்காவது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். பட்டாளத்துக்கோ பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய்த் திரும்பாதவர் நம் குடும்பத்தில், நம் தெருவில் யார் என்று கேளுங்கள். பேரையும் அப்பன் பேரையும் எழுதுங்கள். பழைய மணியார்டர்த் துண்டு, கப்பல் சீட்டு, பட்டாளக் கடுதாசி எதுவானாலும் போட்டோ பிடித்து வையுங்கள். எழுதினதில் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து நூலகத்திலோ வார்டு நூலகத்திலோ கொடுத்து ரசீது வாங்குங்கள். பெண்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். எந்த மாதத்தோடு கடுதாசி நின்றது என்பது அவர்களுக்குத்தான் ஞாபகமிருக்கும். நடுவில் பெரியவர் பெருமூச்சு விட்டு, 'அவன் தலையெழுத்து' என்று சொன்னால், சண்டை போட வேண்டாம். அதையும் எழுதிக் கொண்டு, எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.